கெஃபிர் ஜாடிக்குக் காவல் நின்றவன்

1

என் அம்மா கையும் களவுமாகப் பிடிபட்டதில் பிறந்தது இந்தக் கதை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் தெரிந்துகொண்டு, "ஓ, சொந்த வீட்டு விவகாரமா" என்று நீங்கள் உதட்டைப் பிதுக்கக் கூடாது.

நகராட்சி நடத்தும் மாலை வகுப்பில் எங்களுக்குக் கொடுத்த பயிற்சி இது: ஒருவர் புதிதாக ஒரு பழக்கத்தைத் தொடங்குவதைப் பற்றிக் கதை எழுதுக. மற்றவர்கள் நீச்சலையும் அதிகாலையில் எழுவதையும் எடுத்துக்கொண்டார்கள். நான் துன்ஜெர் கெஃபிர் குடிக்கத் தொடங்கியதை எடுத்துக்கொண்டேன். எழுதிப் பார்த்த தொடக்கங்களை அடிக்காமல் அப்படியே விடுகிறேன்.

புளித்த பாலில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் நம் குடலுக்குள்—

(வேண்டாம். மருந்துக்கடை விளம்பரம்.)

எஸ்கிஷெஹிரில் மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலையில்—

(மழையே இல்லை. நல்ல வெயில். அம்மா சாட்சி.)

அவள் விரல்கள் ஜாடியைத் தொட்ட நேரத்தில் பின்னாலிருந்து ஒரு கை—

(இது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்படித் தொடங்கினால் என் அம்மா திருடியாகவே உங்கள் மனதில் உட்கார்ந்துவிடுவாள். அவள் திருடிதான். ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை.)

எனவே துன்ஜெரிடமிருந்து தொடங்குகிறேன். இந்தக் கதையில் எதையாவது இழக்கப்போகிறவன் என்றால் அவன்தான்.

2

துன்ஜெர் தெற்கே அதானாக்காரன். எங்கள் ஊர் எஸ்கிஷெஹிரில் ஒரு பெரிய பல்பொருள் அங்காடியில் வேலை. சீருடை கிடையாது. வாடிக்கையாளர் மாதிரி கூடையைத் தூக்கிக்கொண்டு அலமாரிகளுக்கு நடுவே திரிந்து, சாக்லேட்டைச் சட்டைக்குள் செருகுகிறவர்களைப் பிடிக்க வேண்டும். அதே கடையில் கல்லாவில் உட்காருகிறவள் அல்தினாய், எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். "இத்தனை பேரை நான் பிடிச்சேன், என்னைப் பிடிச்சது இவ ஒருத்திதான்" என்பான். (அவன் அடித்ததாக எனக்குத் தெரிந்த ஒரே ஜோக் இது. அதனால் வைத்துக்கொள்கிறேன்.)

பல் வீங்கி மாத்திரை தின்றான்; வீக்கம் வடிந்தது, வயிறு கெட்டது. எதைச் சாப்பிட்டாலும் பொருமல். கெஃபிர் குடிக்கச் சொன்னார் டாக்டர். கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பிக்க வேண்டும் என்றார்.

"முதல்ல காப்பிக் கோப்பையில பாதி," என்றாள் அல்தினாய். "வயிறு பழகினதும் முழுக் கோப்பை. அப்புறம் டம்ளர்."

"பால் வாசமே எனக்கு ஆகாது. இதுல புளிச்ச பாலா?"

"கறுப்புக் காரட்டை உப்புத்தண்ணியில ஊறப்போட்டு, அழுகவிட்டுக் குடிக்கிற ஊர்க்காரன் பேசற பேச்சா இது?"

"அது அழுகறதில்ல. புளிக்குது."

"இதுவும் அதையேதான் பண்ணுது. மூக்கைப் பிடி. குடி."

கடையிலேயே கிடைக்கும் ஸ்ட்ராபெரி கெஃபிரில் ஆரம்பித்தான். முதல் சில நாள் வயிறு உருளும் என்று டாக்டர் சொல்லத்தான் சொன்னார். ஆனால் எங்கே உருளும் என்று சொல்லவில்லை. பாலாடைக்கட்டியைக் கோட்டுக்குள் இறக்கிக்கொண்டிருந்த ஒருவரைப் பிஸ்கட் அலமாரிக்குப் பின்னால் குனிந்து நோட்டமிட்டபோது, துன்ஜெரின் வயிறு குழாயில் காற்றடைத்தது போல் சத்தம் போட்டது. அந்த ஆள் திரும்பிப் பார்த்தார். கட்டியை எடுத்த இடத்திலேயே வைத்தார். "போய் ஏதாவது சாப்பிடு தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

(இந்தக் காட்சி கதைக்குத் தேவையா என்று இரண்டு நாள் யோசித்தேன். தேவையில்லை. எடுக்க மனம் வரவில்லை.)

தேவையான விஷயம் இது: ஞாயிற்றுக்கிழமை துன்ஜெரின் அப்பாவும் அம்மாவும் பெண் கேட்க அதானாவிலிருந்து வருகிறார்கள். பெண் கேட்டு வருகிறவர்களுக்குப் பெண் கையால் காப்பி கொடுப்பது இங்கே வழக்கம். அல்தினாயின் அப்பா ஆதில்கெராய் மாமா இதுவரை சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ரயில் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதைக் கேட்டாலும் "பார்ப்போம்" என்பார். "அப்பா மனசு ஒப்பாம நான் மோதிரம் போட்டுக்க மாட்டேன்" என்று அல்தினாய் முன்பே சொல்லிவிட்டாள்.

3

புதன்கிழமை சாப்பாட்டுக்கு அவனைக் கூப்பிட்டிருந்தார்கள்.

ஆதில்கெராய் மாமா எங்களைப் போல, மலைநாட்டிலிருந்து குடிபெயர்ந்து வந்த கராச்சாய் இனம். கராச்சாய் வீடுகளில் கெஃபிர் பாட்டிலில் வராது. ஜன்னலோரம் ஜாடியில் இருக்கும். எங்கள் பேச்சில் அது கிப்பி. காலிஃபிளவரை உதிர்த்துப் போட்டது போல வெள்ளை மணிகள் பாலுக்குள் கிடக்கும். பாலை வடித்துக் குடித்துவிட்டு, மணிகளின் மேல் புதுப் பால் ஊற்றினால் மறுநாளைக்கும் ஆயிற்று. கடந்து போகிறவர்கள் ஜாடியை ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுப் போவார்கள். தபால்காரர் கூட.

துன்ஜெர் மூக்கைப் பிடிக்காமல் குடித்தான். புளிப்பு, லேசான கடுப்பு, நாக்கு நுனியில் நுரை. சாப்பாடு முடியும் வரை வயிற்றிலிருந்து ஒரு சத்தம் இல்லை. அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"மாமா, அருமையா இருக்கு. இந்த மணி கொஞ்சம் குடுங்களேன், நானும் ரூம்ல போட்டுக்கறேன்."

அல்தினாய் மேசைக்கடியில் அவன் காலை மிதித்தாள். மாமா ரொட்டியைப் பிய்ப்பதை நிறுத்தினார்.

"இது குடுக்கறதுக்கு இல்ல."

இன்னும் மரியாதையாகக் கேட்கச் சொல்லித்தான் மிதிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான் அவன். "சும்மா வேணாம் மாமா. என்ன விலைன்னு சொல்லுங்க."

இரண்டாவது மிதி எலும்பில் விழுந்தது.

"விக்கறதுக்கும் இல்ல" என்றார் மாமா.

அவர் மணிகளைப் பற்றித்தான் சொன்னார். ஆனால் பெண் கேட்கப்போகிறவன் காதில் அது பெண்ணைப் பற்றியும் சொன்னது போலத்தான் விழும்.

(கதையை இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். கிப்பியைக் கொடுத்தால் அதன் உயிர் போய்விடும், விற்றாலும் போய்விடும் என்பது எங்கள் வீடுகளில் இருக்கிற நம்பிக்கை. அது பரவ ஒரே வழி திருட்டு. வேண்டியவர் வருவார், வீட்டுக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார், மணி கொஞ்சம் குறையும். பிறகு எவ்வளவு குறைந்தது என்று பார்க்கவும் கூடாது. "எடுத்துக்கோ" என்று சொன்னால் அதுவும் கொடுத்தது ஆகிவிடும். அதனால் மாமாவும் வாயைத் திறக்க முடியாது, அல்தினாயும் திறக்க முடியாது. அவளால் முடிந்தது மிதிப்பது மட்டும்தான். அறிவியல்படி இது சரியா என்று கேட்காதீர்கள். நான் மாலை வகுப்பில் கதை படிக்கிறவள்.)

4

மாமா எழுந்து ஜாடியைக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தார். மூடியைக் கழற்றினார். பக்கத்தில் ஒரு மரக்கரண்டி. அதற்குப் பக்கத்தில் சுத்தமான ஒரு காலிக் குப்பி.

"தக்காளிச் செடிக்குத் தண்ணி ஊத்தணும்" என்று பால்கனிக்குப் போனார். அங்கிருந்து திரும்பாமலே, "ரொம்ப நேரமாகும்!" என்று கத்தினார்.

"நான் தலைக்குக் குளிக்கப் போறேன். தண்ணி சத்தத்துல ஒண்ணும் கேக்காது" என்று அல்தினாயும் போய்விட்டாள்.

இப்போது துன்ஜெரின் மனதுக்குள் போக வேண்டும். நான் போனதில்லை. பிறகு அவன் படிக்கட்டில் அம்மாவிடம் சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

அவன் கடையில் இதே வேலையைச் செய்வார்கள். விலை உயர்ந்த வாசனைத் தைலத்தை அலமாரி ஓரத்தில் தனியாக வைத்துவிட்டு ஒளிந்து நின்று பார்ப்பார்கள். தர மாட்டேன் என்று சொன்ன பொருளை அவரே திறந்து வைத்துவிட்டுப் போகிறார் என்றால், இது தூண்டில்தானே? தன் கை நீளுகிறதா என்று பார்க்கிறார். நீளாது. நீளாதது மட்டுமில்லை, தான் இருக்கும்வரை இந்த வீட்டுப் பொருள் ஒன்று கூடக் குறையாது.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொழில் பழக்கத்தில், குளிர்பெட்டியின் மறைவில் போய் நின்றான்.

என் அம்மா ஹனிஃபே அந்த நேரம் பார்த்துத்தான் உள்ளே நுழைந்தாள். எங்கள் வீட்டுக் கிப்பியை அவளே கொதிநீரில் கழுவிக் கொன்றிருந்தாள். தலைத்துணிக்குள் ஒரு சின்னக் கோப்பை. பால்கனியில் மாமாவின் முதுகு தெரிந்தது. திறந்த ஜாடி, கரண்டி எல்லாம் தயார். தனக்காகத்தான் வைத்திருக்கிறார் என்று நெகிழ்ந்தே போனாளாம்.

கரண்டியை எடுத்தாள். பின்னாலிருந்து ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"அசையாதீங்க. துணிக்குள்ள என்ன?"

"கோப்பை."

"ரசீது இருக்கா?"

"ரசீதா? அடேய், இந்த வீட்டுல நான் திருட ஆரம்பிச்சப்ப நீ பொறந்திருக்கவே மாட்டே!"

"மாமா! ஓடி வாங்க! ஆளைப் பிடிச்சிட்டேன்!"

மாமா திரும்பவில்லை. நிரம்பி வழிந்து கீழ்வீட்டுத் துணிமேல் சொட்டிக்கொண்டிருந்த தொட்டியில் இன்னும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவன் மறுபடி கூப்பிட்டான். மறுபடியும். கடைசியில் அவர் திரும்பத்தான் வேண்டியிருந்தது. பார்க்கத்தான் வேண்டியிருந்தது. அல்தினாய் தலையில் துண்டோடு வந்து நின்று, துண்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள்.

"வாங்க ஹனிஃபே," என்றார் மாமா. "என்ன வேணும்?"

"உப்பு," என்றாள் அம்மா.

அந்தக் கோப்பையிலேயே உப்பு போட்டுக் கொடுத்தார். ஜாடியை மூடி ஜன்னலோரம் வைத்தார். பிறகு துன்ஜெரிடம், "உங்க வேலையில நீங்க கெட்டிக்காரர்னு பொண்ணு சொன்னா. சரியாத்தான் சொல்லியிருக்கா" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

5

படிக்கட்டில் அம்மா உப்புக் கோப்பையோடு அவனைத் துரத்திப் பிடித்தாள்.

"அத்தை, மன்னிச்சிருங்க. எடுத்துக்கன்னு அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொன்னா குடுத்த மாதிரி ஆயிடும். குடுத்தா செத்துப்போகும்."

"எது?"

"கிப்பிடா! களவாண்டுதான் எடுக்கணும். அதைச் சொல்லவும் கூடாது."

"இப்ப நீங்க சொல்றீங்களே?"

"நான் என்ன வீட்டுக்காரியா? திருடி. எனக்கென்ன கட்டுப்பாடு?"

துன்ஜெர் படியில் உட்கார்ந்துவிட்டான். "அப்ப அந்தக் குப்பி... எனக்காகவா வெச்சார்?"

"பின்ன, தக்காளிக்கா? கண்டவனுக்கெல்லாம் முதுகைக் காட்டிட்டு நிக்கிற ஆளில்ல அவர்."

"கெடுத்துட்டேனே அத்தை."

"கெடுத்துட்டேதான். இன்னொரு தடவை அவர் திரும்பி நின்னா பொழைச்சே. அப்பவும் காவல் காத்துட்டு நிக்காதே."

"திருடனைப் பிடிச்சுச் சம்பளம் வாங்கறவன் நான். என் கை எப்படி வரும்?"

"வயித்தைக் கேளு, அது சொல்லும்" என்றாள் அம்மா. அது அப்போது சொல்லவும் செய்தது. படிக்கட்டு முழுக்கக் கேட்டதாம்.

6

எழுதிப் பார்த்த முடிவுகள்.

அ) துன்ஜெர் திருடுகிறான். தினமும் குடிக்கிறான். வயிறு சரியாகிறது. கல்யாணம் நடக்கிறது. (மறுபடியும் மருந்துக்கடை விளம்பரம்.)

ஆ) துன்ஜெர் நேர்மை தவறாதவன். வெளியே விலைக்கு மணி வாங்கி, மாமா முன்னால் கொண்டுவந்து வைக்கிறான். மாமா அதைப் பார்த்து— (எழுத முடியவில்லை. மாமாவின் முகம் எனக்குத் தெரியும். விட்டுவிட்டேன்.)

இ) திருடும்போது வயிறு சத்தம் போட்டு மாட்டிக்கொள்கிறான். (வகுப்பில் எல்லோரும் சிரிப்பார்கள். அவர்கள் சிரித்து முடித்த பிறகு அல்தினாய் என்ன செய்வாள்? அவள் முகத்தில் நான் தினமும் விழிக்க வேண்டும்.)

என் சந்தேகம் வேறு. திருடவே முடியாத ஒருவனைத் திருட வைத்தால் அவன் அவனாக இருப்பானா? திருடாமல் விட்டால் அந்த வீட்டில் அவனுக்கு இடம் இருக்குமா? இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி எழுதினேன். இரண்டும் பொய்யாகவே வந்தன. அதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது.

7

சனிக்கிழமை என்றால் இன்று. நானும் அம்மாவும் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். பக்கத்துப் பால்கனிக்கு ஆதில்கெராய் மாமா வந்தார். உள்ளறைத் திரையை இழுத்துவிட்டார். கதவைச் சாத்தினார். தெருவைப் பார்த்து நின்றார்.

"ஆள் வந்திருக்கா?" என்றாள் அம்மா.

"தக்காளியில பூச்சி" என்றார் மாமா.

உள்ளே அல்தினாய் தலை உலர்த்தும் மெஷினை முழு வேகத்தில் வைத்திருந்தாள். நடுவில் ஒரு தடவை, கண்ணாடியில் மரக்கரண்டி படுகிற சத்தம் கேட்டது போலிருந்தது. 'கேட்டது' என்று எழுத ஆசைதான். ஆனால் 'போலிருந்தது' என்றுதான் எழுத முடியும்.

கொஞ்ச நேரத்தில் துன்ஜெர் கீழே தெருவில் தெரிந்தான். அளவுக்கு மீறி நிமிர்ந்து நடந்தான். ஒரு கை சட்டைப்பைக்குள். (அது எப்போதும் அங்கேதான் இருக்கும்.) அண்ணாந்து பார்த்து, "மாமா, நாளைக்கு வரோம்!" என்றான்.

'பார்ப்போம்' என்று மாமா சொல்வார் என நானும் அம்மாவும் துணியைப் பிடித்தபடி காத்திருந்தோம்.

அவர் ஒரு தக்காளி இலையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கீழே எட்டி, "உங்கம்மா காப்பிக்குச் சர்க்கரை போட்டுக்குவாங்களா, மாட்டாங்களா?" என்று கேட்டார்.

"கொஞ்சமா, மாமா! கொஞ்சமா!" அவன் குரல் தெருமுனை வரை கேட்டது. தலை உலர்த்தும் மெஷின் சட்டென்று நின்றது.

மாமா திரையை விலக்கி உள்ளே போனார். ஜாடியை எட்டிப் பார்க்காமலே புதுப் பாலை ஊற்றி மூடியைப் போட்டார். மணி குறைந்திருந்ததா? ஒருவேளை வெறுமனே நின்றுவிட்டுப் போன ஒருவனையும் அவருக்குப் பிடித்துப்போயிற்றா? அவருக்கே தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டார். அல்தினாய் கேட்க மாட்டாள். ஆகவே துன்ஜெர் எடுத்தானா என்பதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். அவனை இவ்வளவு நேரம் பார்த்தீர்களே, உங்களுக்கே ஒரு எண்ணம் இருக்கும்.

இப்போது மாமா எங்கள் கதவருகே நிற்கிறார். "ஹனிஃபே, நாளைக்குக் காப்பிக் கோப்பை பத்தாது. உங்க வீட்டுதைக் கொண்டுவந்து எங்க சமையலறையில வெச்சிடுங்க. கதவு திறந்துதான் இருக்கு. நான் சர்க்கரை வாங்கிட்டு வரேன், கடையில கூட்டமா இருக்கும்."

அம்மா தட்டில் கோப்பைகளை அடுக்குகிறாள். ஒன்று மட்டும் தட்டில் ஏறவில்லை, தலைத்துணியைச் சரிசெய்துகொள்கிறாள். நான் பேனாவோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். பார்க்காததை எழுத முடியாது.

அவள் வாசலைத் தாண்டிவிட்டாள். நீங்களும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்.