இயற்கை அணியில் சூர்யகலா

1

இது கேட்டு வாங்கப்பட்ட கதை. "பூமி சூடாவதைப் பற்றி எழுதுங்கள், பாடம் மட்டும் நடத்தாதீர்கள்" என்றார் பத்திரிகை ஆசிரியர். முந்தைய வாரம்தான் மயிலத்துத் திருவிழாப் பந்தலில் ஒரு பட்டிமன்றம் கேட்டிருந்தேன். 'பூமி சூடாகக் காரணம் மனிதனா, இயற்கையா?' மாமியார் மருமகள் சண்டையை எதிர்பார்த்து வந்த கூட்டம். இயற்கை அணியில் பேசிய ஒரு பெண்ணுக்காகத்தான் எழுந்து போகாமல் இருந்தது. அவளுக்குச் சூர்யகலா என்று பெயர் வைத்தேன். (வீடும் கணவனும் கடலும் நான் கொடுத்தவை.)

2

முதல் தொடக்கம்: 'பொம்மையார்பாளையத்துக் கடல் அன்று கடும் சீற்றத்துடன்...'

வேண்டாம். கடல் சீறினால் நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.

இரண்டாவது: 'தானே' புயல் அடித்ததற்கு மறு வருஷம். திண்டிவனத்திலிருந்து மயிலம் போகும் வேனில் சூர்யகலா. போனில் அவள் கணவன் மணிமாறன். மீன்பிடிக்கிறவன்.

"முன்னாடி வீட்டுல பாதி கடலுக்குப் பூடுச்சு கலா. அடுத்து நம்மளுதுதான்."

"கரையில கல்லு கொட்டறதுக்கு ஆபீசர் நாளைக்குப் பாக்க வர்றாரு இல்ல?"

"வர்றாராம். நீ இன்னா பண்ணிக்கினு இருக்க?"

"கடல் ஏர்றதுக்கு மனுசன் காரணமில்லன்னு பேசப் போய்க்கினு இருக்கேன்."

அவன் சிரித்தது வேன் முழுக்கக் கேட்டது. "நல்லா பேசு. கடல் கேட்டுட்டு வந்த வழியே போவட்டும்."

3

வெளியில் பலருக்குத் தெரியாது: எந்தப் பேச்சாளர் எந்த அணி என்று நடுவர்தான் ஒதுக்குவார். தீர்ப்பும் பல சமயம் வேனிலேயே முடிந்துவிடும்.

"போன வாரம் விழுப்புரத்துல மனிதனுக்குக் குடுத்தாச்சு. இன்னிக்கு இயற்கை ஜெயிக்கட்டும்மா" என்றார் நடுவர் விருத்தாசலம்.

"எது நெசங்கய்யா?"

"அது விஞ்ஞானி பாடு. நம்ம பாடு, கூட்டம் கலையக் கூடாது."

(விஞ்ஞானிகளில் ஆகப் பெரும்பாலோர் மனிதனைத்தான் கை காட்டுகிறார்கள். மேடையில் அதை மட்டும் சொன்னால் பட்டிமன்றம் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். இந்தக் கதையும்தான்.)

4

சூர்யகலா வெளுத்து வாங்கினாள். "காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டுபோச்சின்றாங்க. அன்னிக்கு எவன்யா ஏசி போட்டுக்கினு தூங்கினான்? எந்த பஸ்சு பொகை விட்டுக்கினு போச்சு?"

பந்தல் அதிர்ந்தது. முன்வரிசையில் சிறப்பு விருந்தினருக்குச் சால்வை போர்த்தினார்கள். அவர் யாரென்று ஒலிபெருக்கி அறிவித்தபோது சூர்யகலா திரும்பிப் பார்த்தாள். நாளைக்கு அவள் ஊர்க் கரையைப் பார்க்க வரவேண்டிய அதே அதிகாரி.

"பிரமாதம்மா!" என்றார் அவர். "கடல் அது இஷ்டத்துக்கு வருது, போவுது. நாமதான் வீணா கல்லைக் கொட்டிக்கினு இருக்கோம்."

அவள் பேசியது பலித்துவிட்டது, வீட்டுக்கு எதிராக. அணித் தலைவி என்பதால் முடிவாகப் பேச அவளுக்கு மூன்று நிமிஷம் இருந்தது.

5

இங்கேதான் பேனா நின்றது.

முடிவு ஒன்று: அவள் கட்சி மாறி, மேடையிலேயே அழுகிறாள். நான் நம்பவில்லை. அப்படி அழுதால் விருத்தாசலம் மறுபடி கூப்பிட மாட்டார். படகு போகாத மாதங்களில் வீட்டில் உலை கொதிப்பது இந்தப் பேச்சால்தான்.

முடிவு இரண்டு: வாயை மூடிக்கொண்டு ஜெயிக்கிறாள். மறுநாள் கரையில் அதிகாரி, "அட, நீங்களாம்மா..." இல்லை, இவள் மூன்று நிமிஷத்தைச் சும்மா விடுகிறவள் இல்லை.

மூன்றாவதை எழுதிப் பார்த்தேன்.

"சார், என் வீடு பொம்மையார்பாளையத்துல. கடல் ஏற யாரு காரணமோ, நடுவர் ஐயா சொல்லட்டும். வீடு பத்திக்கினு எரியறப்போ, கொளுத்தினது யாருன்னு தீர்ப்பு வந்தப்புறமா சார் தண்ணி ஊத்துவீங்க?"

கைதட்டல் அடங்க நேரமானது. கதையை இங்கே முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதிகாரி முடிக்க விடவில்லை. எழுந்து, மைக் கேட்டு வாங்கினார்.

"நியாயம்மா. உங்களுக்குத் தெற்கே இருக்கற ஊர்ல கல்லு கொட்டினோம். அது வடக்கே வர்ற மணலை மறிக்குது; அப்புறம்தான் உங்க ஊர்ல கரை வேகமா கரையுது. இப்ப உங்களுக்குக் கொட்டினா, வடக்கே அடுத்த ஊருக்குக் கடல் போவும். அது இயற்கையாம்மா, மனுசனா?"

மணிமாறன் இதை அவளிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறான். தெரியாது என்று அவளால் சொல்ல முடியாது.

சூர்யகலா மைக்கை வாய்க்கருகில் கொண்டுபோய், "கொட்டுங்க சார், ஆனா..." என்று

இதற்கு மேல் நான்கு முறை எழுதி, நான்கையும் கிழித்தேன். நான்கிலும் அவள் வீட்டையே காப்பாற்றிக்கொண்டிருந்தேன். வடக்கே இருக்கும் அந்த ஊருக்கு நான் பெயர் வைக்கவில்லை. உங்கள் ஊர்ப் பெயரை அங்கே போட்டுக்கொண்டு, அவள் வாக்கியத்தை நீங்கள் முடியுங்கள்.