தண்ணீர் ஏறிய வேளையில் எடுத்த கணக்கு

டிபன் பாக்ஸை மூடிய மனைவி, சுவரில் ஒட்டியிருந்த கடல் ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்த்தாள். கரையோர உயிர்களைக் கணக்கெடுக்கும் வேலையில் கணவன் சேர்ந்த நாளிலிருந்து, அந்த வீட்டில் அடுப்பு எரிவது கடிகாரத்தைப் பார்த்தல்ல, அந்த அட்டவணையைப் பார்த்துத்தான்.

அவன் போகும் சேற்றுத் திடலில் கட்டைவிரல் நகத்தளவு நண்டுகள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆணுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பைவிடப் பெரிது; அதை ஆட்டி ஆட்டிப் பெண்ணைக் கூப்பிடும். தண்ணீர் வடிந்ததும் வெளியே வந்து சேற்றை அள்ளும். தின்றது போக மிச்சத்தை மணி மணியாக உருட்டிப் போடும். தண்ணீர் ஏறும்போது வளைக்குள் புகுந்து வாசலைச் சேற்றால் அடைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் போகிறவன் கண்ணில் ஒன்றும் படாது.

போன வாரம் அவன் அந்த நேரம் பார்த்துத்தான் போனான். திடலை மண் கொட்டி மூடவிருந்த கம்பெனி, அவன் மச்சானுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. 'நண்டுகள் காணப்படவில்லை' என்று அறிக்கையில் எழுதி, படமும் எடுத்து இணைத்துவிட்டான். இன்று அதிகாரி கையெழுத்துப் போட்டால் நாளைக்கே லாரிகள் வரும். வளைக்குள் இருப்பவை அப்படியே புதைந்துபோகும். ஏழு நாளாக அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள் மனைவி. "பன்னெண்டு வருஷமா தண்ணி வடியுற நேரம் பார்த்துத்தான் உங்களுக்குச் சாப்பாடு கட்டுறேன். போன வாரம் மட்டும் தண்ணி ஏறுறப்போ கிளம்பினீங்க. நண்டு என்ன, உங்களுக்காக நேரத்தை மாத்திக்கிச்சா?"

பையைத் தோளில் மாட்டியவன், மறுபடி கழற்றிக் கீழே வைத்தான். "உன் தம்பிக்காகத்தான்" என்று முனகினான்.

"அவனுக்குக் கையும் காலும் நல்லாத்தான் இருக்கு. வேற வேலை தேடிக்குவான். இந்தப் பாவத்தை எங்க தலையில கட்டாதீங்க."

அலுவலகத்தில் அதிகாரி பேனாவைத் திறந்து வைத்திருந்தார். கையெழுத்து வேண்டாம், மறுபடி கணக்கெடுக்க வேண்டும் என்று அவன் சொன்னதும், கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார்.

"ஏம்பா, எழுதினதுல ஏதாவது பொய்யா?"

"ஒரு வரிகூடப் பொய் இல்ல சார். வெளிய வராதுன்னு தெரிஞ்ச நேரத்துல போய்ப் பார்த்தேன்." மச்சான் வேலை விஷயத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டான்.

அதிகாரி நாற்காலியில் சாய்ந்தார். "இதை எழுதிக் கொடுத்தா உன் வேலைக்கே உலை வைக்கும். தெரியுமில்ல?"

"தெரியும் சார்." அவன் மேசைக்கு அருகே வந்தான். "கைநீட்டிக் காசு வாங்கினாத்தான் லஞ்சம்னு நினைச்சிருந்தேன். வீட்டாளுக்காகக் கண்ணை மூடிக்கிட்டதும் லஞ்சம்தான். ஒரு தாள் கொடுங்க, எழுதித் தரேன்."