நாலு மணிக்கு வாங்க

அந்த வீட்டைப் பார்த்த நிமிஷம் முதல் மார்லிஸுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பின்பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. மேற்கே மலை, அதற்கு மேல் மேகமே இல்லாத வானம். மினசோட்டாவில், டுலூத் ஊரில் அறுபத்திரண்டு குளிர்காலங்களைத் தள்ளியவள் அவள். அங்கே ஜன்னலில் வெயில் விழுந்தால் அது கொடுத்துவைத்தவர் வீடு. பாலைவன ஊரான ஃபீனிக்ஸில் இப்படி ஒன்று தனக்குக் கட்டுப்படியாகும் என்று கனவிலும் நினைத்ததில்லை.

கணவர் வெர்லினின் விரல்களும் முட்டியும் குளிரில் மடங்க மறுத்ததால்தான் இந்த இடமாற்றமே. ஆனால் அந்த மனுஷர் வருகிறேன் என்று இதுவரை வாயைத் திறந்து சொல்லவில்லை. எந்த வீட்டைக் காட்டினாலும் "மோசமில்ல" என்பார். மனசுக்குப் பிடித்த வீடு அமைந்தால் சரியாகிவிடுவார் என்று மார்லிஸ் நம்பிக்கொண்டிருந்தாள். மறுநாள் ஊர் திரும்ப விமானம்.

காலை ஒன்பது மணிக்கே கையெழுத்துப் போடத் துடித்தாள். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த வீட்டுத் தரகர் ஒஃபீலியாவோ காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஜூன் மாசத்துல காலைல பாத்து வீடு வாங்கக் கூடாதும்மா. நாலு மணிக்கு வாங்க."

வேறொரு ஜோடி சாயங்காலம் விலை பேச வருகிறதாம். அதற்குள் கை நழுவிப் போய்விட்டால்? மார்லிஸுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. வீடு விற்கிறவள் விற்றுவிட்டுப் போகாமல் நல்ல நேரமா பார்ப்பாள்?

நாலு மணிக்குப் போனார்கள். கண்ணாடி வழியே வந்த வெயில் பாதிக் கூடம் வரை படுத்துக் கிடந்தது. ஏ.சி. ஓயாமல் ஓடியும் வியர்த்துக் கொட்டியது. கொல்லைக் கதவின் பிடியைத் தொட்ட மார்லிஸ் கையை உதறிக்கொண்டாள். வெளியே நாற்காலியில் உட்கார்ந்த வெர்லின் உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார். "மோசமில்ல," என்றார். அதைக் கேட்டதும் அவளுக்கு அழுகை முட்டியது.

விற்பனைக்கிருந்த எதிர்வீட்டுக்கு ஒஃபீலியா அழைத்துப் போனாள். காலையில் இருட்டுக் குகை என்று மார்லிஸ் கிண்டலடித்த வீடு. கொல்லை கிழக்கே இருந்தது. வீட்டின் நிழலே அதில் பாய் விரித்தாற்போல் விழுந்திருந்தது. வெக்கைதான், ஆனால் தாங்குகிற வெக்கை. வெர்லின் நிழலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விரல்களை மடக்கினார், விரித்தார், மறுபடியும் மடக்கினார். பத்து நிமிஷமாகியும் எழுந்திருக்கவில்லை. பிறகு டுலூத்திலிருக்கும் தம்பிக்கு ஃபோன் போட்டார்.

உறைந்த ஏரியின் மேல் நிறுத்தி, பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்க ஒரு மரக்குடிசை வைத்திருந்தார் வெர்லின். முப்பது வருஷமாக அதை யாருக்கும் இரவல் தந்ததில்லை, கூடப்பிறந்தவனுக்கும்தான்.

"டெல்மர், என் மீன் குடிசைய நீயே வச்சுக்கடா. இல்லடா, இந்த வருஷத்துக்கு மட்டுமில்ல. நல்லாத்தான் இருக்கேன்."

மார்லிஸுக்குச் சந்தோஷத்தில் மூச்சே நின்றுவிடும் போலிருந்தது. சமையலறையை இன்னொரு தடவை பார்க்கிறீர்களா என்று கேட்டாள் ஒஃபீலியா.

"அடுப்பு இருந்தாப் போதும்டி. எங்க கையெழுத்துப் போடணும், சொல்லு."