பட்டை பங்களா

வால்பாறைக்கு மேலே, தேயிலைச் சரிவு முடிந்து சோலைக்காடு தொடங்கும் இடத்தில் இருந்தது அந்த வீடு. எஸ்டேட்டை முதலில் நட்ட வெள்ளைக்காரர், தன் நாட்டில் அப்பன் குடியிருந்த பண்ணைவீட்டைப் போலவே ஒன்று வேண்டுமென்று மலைத் தேக்கை அறுத்துக் கட்டியது. ஆள் இடுப்புக் கனத்தில் தூண்கள், அவற்றின் மேல் உத்தரங்கள், மூலைக்கு மூலை சாய்வாகக் கொடுத்த முட்டுக்கட்டைகள் எல்லாவற்றையும் ஒன்றுக்குள் ஒன்று கோத்து மர ஆணி இறக்கியிருந்தார்கள். பாரமெல்லாம் மரத்தின் மேல்தான். இடையிலிருந்த சுவர், மூங்கில் பிளாச்சில் மண் அப்பிச் சுண்ணாம்பு அடித்த வெறும் மறைப்பு. கறுத்த மரமும் வெள்ளைச் சுவரும் மாறிமாறித் தெரிந்ததால் தோட்டத்துச் சனம் அதைப் பட்டை பங்களா என்றது.

தொண்ணூற்று மூன்றாம் வருஷத்து ஆடி மழையில், கூலியாட்கள் குடியிருந்த லைன் வீடுகளில் பாதி மண்சரிவில் போயிற்று. பூட்டிக் கிடந்த பங்களாவைத் திறந்து ஐந்து குடும்பங்களைக் குடிவைத்தார் அப்போதைய மேனேஜர். கொழுந்து பறிக்கும் ஞானாபரணம் அதில் ஒருத்தி. புருஷன் பிராங்க் போத்தனூரில் வேலையாக இருந்தான். பதினாறு வயது மகள் லின்சியோடு அவள் கீழறையில் இருந்தாள். மாடியில் பாவாத்தாள். தனிக்கட்டை. ஞானாபரணம் தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து பக்கத்து நிரையில் பறித்தவள்.

ஐப்பசியில் பாவாத்தாளுக்குக் காய்ச்சல் கண்டது. நடுக்கம் தாங்காமல் பல் கிட்டியது. கீழே அடுப்பை மூட்டினால் வீட்டின் நடுவே கூரையைத் தாண்டி எழும்பிய செங்கல் புகைபோக்கி மாடிவரை கதகதப்பாக இருக்கும். அதை ஒட்டிப் பாயை இழுத்துப்போட்டு அவளைப் படுக்கவைத்தது ஞானாபரணம்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பங்களாவிலிருந்த மற்றவர்கள் கோயிலுக்கும் சந்தைக்கும் போயிருந்தார்கள். பகல் பத்து மணிவாக்கில் டிராக்டர் ஒன்று ஏறி வந்தது. மேஸ்திரி பங்காருவும் கடப்பாரையோடு நான்கு ஆட்களும் இறங்கினார்கள்.

"ஏனம்மிணி, சாமானத்த எடுத்துப்போட்டு வெளிய வா. மரத்த வித்தாச்சு. இன்னைக்கே பிரிச்சுப்போடச் சொல்லீட்டாரு புது முதலாளி."

"லைன் ஊடு கட்டற வரைக்கும் இருக்கச் சொன்னாருங்களே மேனேஜரு."

"அந்த மேனேஜரே போயாச்சு."

"சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்குங்க மேஸ்திரி. மேல பாவாத்தாக்கா நெனவில்லாமக் கெடக்குறாங்க. ஆம்பளையாளுக வந்தா எறக்கிப்போடலாமுங்க."

பங்காரு மாடி ஜன்னலை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். பிறகு மூலைத் தூணில் சங்கிலியைச் சுற்றச் சொன்னான்.

டிராக்டர் ஓட்டிவந்த ஜபருல்லா இறங்கிவிட்டான். "உள்ள ஆளு இருக்குதுங்க. நான் இழுக்கமாட்டேன்." பங்காரு அவனைப் பளாரென்று அறைந்து தள்ளிவிட்டுத் தானே ஏறி உட்கார்ந்தான்.

ஞானாபரணம் லின்சியைக் கூப்பிட்டுக்கொண்டு மாடிக்கு ஓடினாள். பாதிப் படியில் வீடு முனகியது. சங்கிலி விறைத்தது. தூண் அசைந்ததும் உத்தரம் இழுபட்டது, உத்தரத்தோடு அடுத்த தூணும் சாய்ந்தது. கோத்த மரங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. கப்பல் மாதிரி வீடு மொத்தமும் ஒருபக்கம் சரிந்து நின்றது. மண்சுவர்கள் மட்டும் சட்டத்துக்குச் சட்டம் வெடித்து, பாளம் பாளமாக வெளியே விழுந்தன.

மரம் வளைந்துகொடுத்தது, செங்கல் கொடுக்கவில்லை. புகைபோக்கி நடுவில் முறிந்து கூரையைப் பிளந்துகொண்டு இறங்கியது. தாயும் மகளும் படியிலேயே குப்புற விழுந்தார்கள். தூசி அடங்கி ஏறிப் பார்த்தபோது செங்கல் குவியலுக்கு வெளியே பாவாத்தாளின் ஒரு கால் மட்டும் தெரிந்தது. லின்சி கையால் கல்லை வாரினாள். கால் அசையவில்லை.

ஞானாபரணம் கீழே வந்து தேயிலைச் செடி கழிக்கும் கவாத்துக் கத்தியை எடுத்தாள். பங்காருவின் ஆட்கள் வாசலில் நின்றிருந்தார்கள். அவள் வாசலுக்குப் போகவில்லை. சுவர் உதிர்ந்த இடத்தில் இரண்டு தூண்களுக்கு நடுவே புகுந்து நேரே டிராக்டருக்குப் போனாள். ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த கையில் முதல் வெட்டு விழுந்தது. இரண்டாவது தோளில். பங்காரு அலறிக்கொண்டு கீழே உருண்டான். பின்னாலேயே ஓடிவந்த லின்சியின் முழங்கையில் ஒருவன் கடப்பாரையை இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் ஞானாபரணத்துக்குக் கேட்டது. திரும்பி அவன் தொடையில் கத்தியைப் பாய்ச்சினாள்.

மேட்டில் நின்ற வீட்டுக்கு இப்போது சுவரே இல்லை. உள்ளே சரிந்த கல்லும் வெளியே நடந்த வெட்டும் கீழே லைனில் இருந்தவர்களுக்கு அப்பட்டமாகத் தெரிந்தன. தேயிலைச் செடிகளை மிதித்துக்கொண்டு சனம் ஏறி வந்தது. கூலியாட்கள் கடப்பாரையைப் போட்டுவிட்டு, தொடையில் வெட்டுப்பட்டவனைத் தூக்கிக்கொண்டு சோலைக்குள் ஓடினார்கள். பங்காருவால் ஓட முடியவில்லை. கல்லும் கட்டையும் அவன் மேல் விழுந்தன. ஒருவன் பெரிய கல்லைத் தலைக்கு மேல் தூக்கினான்.

போடட்டும் என்றுதான் ஞானாபரணம் நின்றாள். சட்டென்று வேறொன்று தோன்ற, குறுக்கே பாய்ந்தாள்.

"போதுமுங்க, உட்ருங்க! இவன் செத்துப்போட்டா அனுப்புனவன் தப்பிச்சுக்குவான். இவன் வாயால சொல்லோணும்!"

கல்லைத் தூக்கியவன் அதை ஓரமாகப் போட்டான்.

பங்காரு பிழைத்துக்கொண்டான். பொள்ளாச்சி கோர்ட்டில் கூண்டேறி, யாரும் தன்னை அனுப்பவில்லை, உள்ளே ஆள் இருந்ததே தெரியாது என்றான். அவன் ஜன்னலை நிமிர்ந்து பார்த்ததை ஞானாபரணம் சொன்னாள். அறை வாங்கிய கதையை ஜபருல்லா சொன்னான். பங்காருவுக்கு ஏழு வருஷம் விழுந்தது. வெட்டியதற்காக ஞானாபரணத்துக்கு ஆறு மாதம். முதலாளியின் பேர் தீர்ப்பின் எந்தப் பக்கத்திலும் வரவில்லை.

தீர்ப்பன்று போலீஸ் வேனில் ஏற்றுவதற்கு முன் லின்சியை அவளிடம் விட்டார்கள். மகளின் இடது கை மடங்கியது மடங்கியபடியே இருந்தது.

"அன்னைக்கி நான் குறுக்க உழுந்திருக்கக் கூடாது கண்ணு" என்றாள் ஞானாபரணம்.

"கொன்னிருந்தா மட்டும் பாவாத்தா பெரிம்மா எந்திரிச்சு வந்திருக்குமாங்கம்மா?"

"வராது. ஆனா எனக்கு இப்புடி எரியாது."

லின்சி நல்ல கையால் அம்மாவின் முந்தானையை இழுத்துத் தோளில் சரியாகப் போட்டுவிட்டாள். வேன் புறப்பட்டது.

மரத்தை எடுக்க அதற்கப்புறம் யாரும் அந்த மேட்டுக்கு வரத் துணியவில்லை. மிச்சக் குடும்பமெல்லாம் சாய்ந்த சட்டங்களுக்கு இடையே தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்தது. ஞானாபரணம் ஜெயிலிலிருந்து வந்தபோது போத்தனூரிலிருந்து வந்துவிட்ட பிராங்க் சுவருக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்தான். பையைக் கீழே வைத்துவிட்டு, அவள் மண்ணைக் குழைக்க உட்கார்ந்தாள்.