அப்பாவின் பச்சைக் கோடு

திங்கட்கிழமை காலை, பிரிக்பீல்ட்ஸ் ஆபீசில் லோகேஸ்வரி கைப்பேசியைத் திறந்தாள். அப்பாவின் பச்சைக் கோட்டைக் காணோம். அது ஓடவேண்டிய கட்டம் சாம்பல் நிறத்தில் கிடந்தது. கீழே, கடிகாரம் இணைக்கப்படவில்லை என்று ஒரு வரி.

அப்பா சபாபதி, ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்திலுள்ள கிள்ளானில் தனியாக இருக்கிறார். பைபாஸ் ஆப்பரேஷன் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. என்னோடு வந்து இருங்கள் என்றால் கேட்கிற ஆளா அவர்? ‘என் வீட்ட விட்டு வரமாட்டேன் லா’ என்று ஒரே பிடிவாதம். சரி, போகட்டும் என்று அவள் ஒரு ஸ்மார்ட் வாட்ச்சை வாங்கி அவர் கையில் கட்டிவிட்டாள். அவருடைய நாடித்துடிப்பை அது அவர் கைப்பேசிக்கு அனுப்பும். அங்கிருந்து அது அவள் கைப்பேசிக்கு வந்து பச்சைக் கோடாக ஓடும். அன்று பிடித்த பைத்தியம்தான். மீட்டிங்கில் கோடு, சாப்பாட்டில் கோடு, குளியலறையில்கூடக் கோடு. அது கொஞ்சம் ஏறினால் போதும், “அப்பா, என்ன பண்றீங்க?” என்று போன் பறக்கும். மனுஷன் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார்.

நேற்று கிள்ளானுக்குப் போனவள் சும்மா இருந்துவிட்டு வந்திருக்கலாம். அப்பாவின் கைப்பேசியில் புதிய அப்டேட் வந்திருப்பதைப் பார்த்து, ஏதோ பெரிய உபகாரம் செய்கிற நினைப்பில் அதை அமுக்கித் தொலைத்தாள். களைத்துத் திரும்பி அப்படியே தூங்கிப்போனவளுக்கு அதன் பலன் இப்போதுதான் தெரிந்தது.

உடனே கூப்பிட்டாள்.

“அப்பா, வாட்ச் கனெக்ட் ஆகல.”

“நல்லாத்தாம்மா ஓடுது. டைம் காட்டுதே.”

“டைம் இல்லப்பா! புளூடூத்த ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.”

“அது எங்க இருக்கு?”

மேலே, கீழே, இடதுபக்கம், அது இல்லை, பக்கத்தில் என்று அவள் தொண்டை வறண்டதுதான் மிச்சம். கோடு வரவில்லை. கடைசியில், “போன அணைச்சிட்டுத் திரும்பப் போடுங்கப்பா” என்றாள்.

“அணைச்சா நீ கட்டாயிடுவியே?”

“ஒரு நிமிஷம்தான். நானே கூப்புடுறேன்.”

அணைத்துவிட்டார். அவள் ஒரு நிமிடம் பொறுத்துக் கூப்பிட்டாள். தொடர்புகொள்ள முடியவில்லை என்று மலாயில் ஒரு பெண் குரல் சொன்னது. மறுபடி கூப்பிட்டாள். அதே குரல். அப்போதுதான் அவளுக்குப் பொறிதட்டியது. ஐயோ, சிம் பூட்டு!

முன்பொரு முறை பாசார் மாலாம் இரவுச் சந்தையில் அப்பாவின் போன் களவு போயிருந்தது. அதற்குப் பிறகு வாங்கிய போனில் சிம்முக்கும் இரகசிய எண் போட்டு வைத்தவள் இவளேதான். போனை அணைத்துப் போட்டால் அந்த நான்கு எண்களைத் தட்டவேண்டும். தட்டாதவரை ஓர் அழைப்பும் வராது, போகாது. அப்பா போனை அணைப்பதே இல்லை. நேற்று அப்டேட் முடிந்து கேட்டபோதுகூட இவள்தான் தட்டினாள். அந்த எண்ணை அவரிடம் சொல்லவேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

ஆக, கோடும் போயிற்று, குரலும் போயிற்று. இந்த நேரம் பார்த்து அவருக்கு நெஞ்சு வலித்தால்? யாரைக் கூப்பிடுவார், எதில் கூப்பிடுவார்? பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் ஆன்டிக்குப் போன் போட்டாள். அவர் தெலுக் பங்லிமா காராங்கில், ஃபேக்டரி வேலையில் இருந்தார். “சாயந்தரம்தான்மா வீட்டுக்கு வருவேன்” என்றார்.

லோகேஸ்வரி எழுந்துவிட்டாள். பக்கத்து மேசைக் குமுதாவிடம், “பாஸ் கேட்டா சமாளி லா” என்று சொல்லிவிட்டு மூன்று மாடிப் படிகளிலும் தடதடவென்று இறங்கினாள். பழைய கடைவீட்டு ஆபீஸ், லிஃப்ட்டாவது ஒன்றாவது! ஃபெடரல் ஹைவே நெரிசலை நம்பிக் காரில் போக முடியாதென்று சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு ஓடிக் கொமுட்டர் ரயில் ஏறினாள். ரயிலோ ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று நிதானித்துப் போனது. எதிர்ப்பக்கம் ஒரு ரயில் சடசடவென்று கடந்துபோனதைக்கூட அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தச் சாம்பல் கட்டத்தையே வெறித்துக்கொண்டிருந்தாள். அப்பா சமையலறையில் விழுந்து கிடப்பதுபோல, கை போனைத் தேடுவதுபோல, என்னென்னவோ கண்ணுக்குள் வந்து நின்றன.

வீட்டுக் கிரில் கதவில் வெளியிலிருந்து பூட்டு தொங்கியது. செருப்பு இல்லை. கார் நின்றது, ஆளில்லை.

“அப்பா!” என்று கத்தினாள். பூனை ஒன்று சுவரிலிருந்து குதித்து ஓடியது. யாராவது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருப்பார்களோ? எந்த ஆஸ்பத்திரி? கிரில்லைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

போன் அடித்தது. குமுதா.

“லோகா, எங்க இருக்க? உங்கப்பா இங்க வந்து உக்காந்திருக்காரு.”

“எங்க?”

“ஆபீஸ்லதான்! வடையெல்லாம் வாங்கிட்டு வந்திருக்காரு.”

“படி ஏறியா வந்தாரு?”

“பின்ன, பறந்தா வருவாரு?”

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அழுதுதான் விட்டாள். “அவர அசையவிடாதே. மூச்சு வாங்குதான்னு பாரு” என்று சொல்லிவிட்டு, வந்த வழியே ரயில் பிடித்தாள்.

மத்தியானம் அவள் ஆபீசுக்குள் நுழைந்தபோது சபாபதி அவளுடைய நாற்காலியில் சம்பிரமமாக உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மேசையில் எண்ணெய் ஊறிய வடைப் பொட்டலம்.

“யாருப்பா உங்கள இவ்ளோ தூரம் வரச் சொன்னது? படி ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல?” என்று பொரிந்தாள்.

“கேளும்மா. நாலு நம்பர் போடச் சொல்லுச்சி. அம்மா பொறந்த நாள் போட்டேன், இல்லன்னுச்சி. கல்யாண நாளப் போட்டேன், அதுவும் இல்ல. இன்னொரு தடவ தப்பானா ஒரேயடியா பூட்டிக்கும்னு சொல்லுது. ஒன் நம்பரு அதுக்குள்ளதானே இருக்கு, வேற எதுல கூப்புடுறது? அதான் போனத் தூக்கிக்கிட்டு ஒங்கிட்டயே வந்துட்டேன்.”

“நேரா வரவேண்டியதுதானே? வடை எதுக்கு?”

“மக வேலை செய்யிற எடத்துக்கு வெறுங்கையோடவா வர்றது?”

“உங்க பழைய கார் நம்பர்ப்பா அது” என்று எண்களைத் தட்டினாள். போன் உயிர்பெற்றது. கடிகாரத்தை அழித்துவிட்டுப் புதிதாக இணைக்கலாம் என்று விரலை வைத்தவளைக் குமுதா தடுத்தாள். “இரு லா, அழிச்சிட்டா இன்னிக்கி ரெக்கார்டும் போயிரும். மொதல்ல பெர்மிஷனப் பாரு.” பார்த்தால், அப்டேட் அந்த ஆப்பின் புளூடூத் அனுமதியை எடுத்துவிட்டிருந்தது. திரும்பக் கொடுத்தாள்.

அப்பாவின் மணிக்கட்டில் கடிகாரம் ஒருமுறை அதிர்ந்தது. அது தனக்குள் சேர்த்து வைத்திருந்த காலைப் பொழுதெல்லாம் அவள் கைப்பேசியில் பச்சைக் கோடாக இழுத்துக்கொண்டு வந்தது. லோகேஸ்வரி முதலில் மாடிப்படி நேரத்தைத் தேடினாள். கொஞ்சம் மேடு, அவ்வளவுதான். ரயிலில் சமமாகப் போயிருந்தது. ஆனால் காலையில், அவர் வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே, கோடு செங்குத்தாக ஏறி நின்றது.

“இது என்னப்பா? அப்ப என்ன செஞ்சீங்க? ஓடுனீங்களா?”

“எங்க ஓடுறது? போன் பூட்டிக்கிச்சி, நாற்காலில உக்காந்துதான் இருந்தேன்.” அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். “நீ கூப்புட்டுக் கூப்புட்டுப் பாப்ப, கெடைக்காது. அப்பனுக்கு என்னமோ ஆயிருச்சின்னு புள்ள பயந்து போயிருமேன்னு நெனச்சேன். படபடன்னு வந்துருச்சி.”

அவர் ஒரு வடையை எடுத்து அவள் கையில் வைத்தார்.

“எனக்கு மட்டும் கட்டிவிட்டியே, ஒனக்கும் இதுமாதிரி ஒண்ணு வாங்கிக்கம்மா. நானும் அங்கிருந்தே பாத்துக்கிட்டு இருப்பேன்ல.”

லோகேஸ்வரி நெஞ்சில் கைவைத்தாள். கிள்ளானில் கிரில் முன்னால் அடிக்க ஆரம்பித்தது இன்னும் அடங்கவில்லை. நல்லவேளை, இது அவர் கண்ணில் படாது என்று நினைத்துக்கொண்டு, “எனக்கெதுக்குப்பா அதெல்லாம்” என்றாள்.