ஒரேயொரு பலாக்காய்

ஓவேலி தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், வாசுகியை யாருக்கும் பிடிக்கவில்லை. திருப்பூரிலிருந்து வந்து கடைசி வீட்டில் வாடகைக்கு இருந்தாள். கொழுந்து எடுக்கப் போவாள், வருவாள், யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். மகன் கதிர் செத்துப்போனதை அவள் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. திமிர் பிடித்தவள் என்று பேசி முடித்துவிட்டார்கள்.

அந்தப் பக்கத்தில் பலாவைக் காயிலேயே வெட்டிவிடுவார்கள். பழுத்தால் வாசனைக்கு யானை வந்துவிடும். வாசுகி வீட்டு மரத்துக்கு வந்தவர்களிடம், "ஒண்ணு மட்டும் இருக்கட்டுங்க" என்றாள். வந்த நாளிலிருந்து அவள் ஆசையாகப் பார்த்தது அந்தக் காய் ஒன்றைத்தான். ஆடியில் கதிருக்கு வருஷ திதி. பலாப்பழம் என்றால் அவனுக்கு உயிர். படையலில் அது இருந்தே ஆகவேண்டும். இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது அந்த ஒரு காயும் இல்லாமல் மரம் மொட்டையாக இருந்தது. பக்கத்து வீட்டுக் காத்தாயி கையில் அரிவாள். வாசுகி நாசமாகப் போவீர்கள் என்று சபித்தாள். லயமே வெளியே வந்து வேடிக்கை பார்த்தது.

"இந்த வீட்டுல முந்தி இருந்தவளும் ஒண்ணு இருக்கட்டும்னுதான் சொன்னா" என்றாள் காத்தாயி. "யானை வந்துச்சு. மிதிபட்டது எம் புருசன்."

"அது எம் பையனுக்குங்க. செத்துப்போன பையனுக்கு."

திருப்பூரில் என்றால் இந்த இடத்தில் எல்லோரும் ஐயோ பாவம் என்று முகத்தைத் தொங்கப்போட்டிருப்பார்கள். அந்த முகங்களுக்குப் பயந்துதான் மலையேறியிருந்தாள்.

"அத நேத்தே சொல்ல வாயில்லையா ஒனக்கு?" என்று கேட்டுவிட்டுக் காத்தாயி போய்விட்டாள். வாசுகி கதவைச் சாத்திக்கொண்டு, மகன் போனபிறகு முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். தேற்ற ஒருத்தரும் வரவில்லை. அதுவே நிம்மதியாக இருந்தது.

திதியன்று அழைக்காமலே காத்தாயி உள்ளே வந்தாள். பலாக்காய்க் கறிச் சட்டியை நங்கென்று படையல் முன்னால் வைத்தாள்.

"பழம் ஆகாது. கறி ஆகும். எம் வீட்டுக்காரருக்கும் ஒரு எல போடு. அவருக்கும் பலான்னா உசுரு."

வாசுகிக்குக் கோபம் தீரவில்லை, நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இன்னொரு இலையை எடுத்துக் கழுவினாள். எங்கே போடுவது என்று கொஞ்சம் யோசித்து, கதிரின் இலையை ஒட்டிப் போட்டாள்.

"பக்கத்துலயே இருக்கட்டுங்க. அவன் தனியா உக்காந்து திங்கமாட்டான்."