படத்தில் இருந்தவள்

சேலத்தில் ‘நிழற்குடை’ என்றொரு இலக்கிய வட்டம் இருந்தது. ஆரம்பத்தில் கூடிப் பேச இடம் கிடைக்காமல், ஒரு பஸ் நிறுத்தத்து நிழற்குடையில் நாலைந்து பேர் உட்கார்ந்து கதை பேசியதால் வந்த பெயர். 1998-ல் ராதிகா அங்கே போய்ச் சேர்ந்தபோது அது வளர்ந்து, ஒரு பள்ளிக்கூடத்து மாடியில் மாதாமாதம் கூட்டம் நடத்தும் அளவுக்கு வந்திருந்தது.

ராதிகாவுக்குக் கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டுப் பக்கம் ஊர். ராசிபுரத்தில் விடுதியில் தங்கித் தமிழ் பி.ஏ. முடித்துவிட்டு, மலைமேலேயே ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தாள். அப்பா காத்தான் அவள் படித்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். மிளகுக் கொடிகளையும் ஒரு துண்டு சாமைக் காட்டையும் வைத்துக்கொண்டு அவளைப் படிக்கவைத்தது அம்மா மாராயிதான்.

ராதிகா கதை எழுதுவாள். விடுதிப் பெண்களைப் பற்றி, அவர்களுடைய பசியைப் பற்றி, ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் பார்க்க வராத பிள்ளைகளைப் பற்றி. நிழற்குடையின் பத்திரிகைக்கு ஒரு கதையை அனுப்பினாள். கதையைப் போடவில்லை. ஆனால் கூட்டத்துக்கு வரச்சொல்லி சசிதரன் பதில் எழுதினார். அவர் வங்கியில் வேலை பார்ப்பவர், வட்டத்தை நடத்துகிறவர், எதையும் அழகாகப் பேசத் தெரிந்தவர்.

அவள் முதன்முதலில் போன அன்று வட்டத்தார் ஊர்நடை வைத்திருந்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை சேலத்தின் கலை வாழ்ந்த இடங்களையெல்லாம் நடந்தே போய்ப் பார்ப்பது வழக்கம். நாடகக் கம்பெனிக்காரர்கள் தங்கியிருந்த சந்து, இன்னமும் கையால் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த ஓர் அச்சகம், கவிஞர்கள் கூடிச் சண்டை போட்ட ஒரு மொட்டைமாடி. ஒவ்வோர் இடத்திலும் சசிதரன் நின்று கதை சொன்னார். பஸ் ஸ்டாண்டும் பெரியாஸ்பத்திரியும்தான் சேலம் என்று நினைத்திருந்த ராதிகாவுக்கு, இந்த ஊருக்குள் இப்படியும் ஓர் ஊர் இருக்கிறதா என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று. திரும்பும்போது கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பித் திரும்பி ஏற, அவள் ஒரு வளைவைக்கூடக் கவனிக்கவில்லை. தனக்கும் அங்கே ஓர் இடம் உண்டு என்ற நினைப்பு மட்டும் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த கோடையில் வட்டத்தார் மலைக்கு வந்தார்கள். இரண்டு நாள் இலக்கிய முகாம். தங்க இடம் பிடித்தது, சமையலுக்கு ஆள் பிடித்தது, அருவிக்குக் கூட்டிப்போனது எல்லாம் ராதிகாதான். ஒருவேளைச் சாப்பாட்டைத் தன் வீட்டு வாசலிலேயே போட்டாள். மாராயி பலாப்பழம் அறுத்துச் சுளை எடுத்துக் கொடுத்தாள். வந்தவர்கள் வாயெல்லாம் இனிக்க அதைப் பற்றியே பேசினார்கள்.

அவர்களோடு அர்த்தனாரி என்றொரு ஓவியர் வந்திருந்தார். பேச்சு குறைவு, பார்வைதான் அதிகம். மாராயி கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தை அறுப்பதையே பார்த்துக்கொண்டிருந்தவர், அப்படியே உட்கார்ந்திருக்கச் சொல்லி வரைய ஆரம்பித்தார். மாராயிக்கு வெட்கம். “என்னையெல்லாம் எதுக்கு சாமி எழுதறீங்க, மூஞ்சி கருகிக் கெடக்குது” என்றாள். ராதிகாதான் பக்கத்தில் போய், பெரிய ஓவியர், படம் கண்காட்சியில் வைப்பார்கள் என்று சொல்லி உட்காரவைத்தாள். வரைந்து முடித்ததும் அவர் தாளைத் திருப்பிக் காட்டினார். கரிக்கோடுகளில் மாராயியே இருந்தாள். புருவத்தில் கன்றுக்குட்டி முட்டிய தழும்புகூடத் தப்பவில்லை. மாராயி மூக்கு பெருத்துப்போச்சு என்று சொல்லிச் சிரித்தாள். அப்புறம் ஒரு வாரம் யார் வந்தாலும் தன்னைப் படம் எழுதிய கதையைச் சொன்னாள்.

இரண்டாயிரமாவது வருஷம் தை கழிந்து ஊர்நடைக்கு அழைப்பு வந்தது. இந்தமுறை நடை முடிகிற இடம் அர்த்தனாரியின் ஓவியக் கண்காட்சி. அதைத் தொடர்ந்து அதே மண்டபத்தில் கூட்டம். கூட்டத்தில் ராதிகா கதை வாசிக்க வேண்டும் என்று சசிதரன் எழுதியிருந்தார். ராதிகா அந்தக் கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினாள். அம்மாவையும் கூட்டிப்போவது என்று அவளே முடிவு செய்தாள். யாரும் அழைக்கவில்லை, அது அவள் ஆசை. தான் மேடையில் நிற்பதை அம்மா பார்க்க வேண்டும். அம்மாவின் முகம் சுவரில் தொங்குவதை நாலு பேர் பார்ப்பதையும் அம்மா பார்க்க வேண்டும்.

மாராயி பச்சைச் சேலையும், முழங்கை வரை வரும் வெள்ளை ரவிக்கையும் போட்டுக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் பாதி வழி வாந்தி. இருந்தும் சேலத்தில் இறங்கியதும் முகம் கழுவிக்கொண்டு, சந்து சந்தாக எல்லோருக்கும் பின்னால் நடந்தாள். பழைய அச்சகத்துக்குள் நுழையும்போது, கோயிலோ என்னவோ என்று செருப்பைக் கழற்றினாள். முகாமுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அன்று வரவில்லை. வந்தவர்களுக்கும் அவளை அடையாளம் தெரியவில்லை.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் எதிர்ச்சுவரில் அந்தப் படம் இருந்தது. ஆள் உயரம். பாறைமேல் ஒரு பெண். மடியில் பிளந்த பலாப்பழம். முகம் மாராயியுடையது, தழும்பும் அவளுடையது. கழுத்துக்குக் கீழே ஒட்டுத் துணியில்லை. வேறொரு வயசுப் பெண்ணின் மார்பு அதில் இருந்தது. கீழே ‘மலையின் மகள்’ என்று எழுதியிருந்தார்கள். படத்தின் முன்னால்தான் கூட்டம் அதிகம். ஆதித்தாய் என்றார் ஒருவர். அந்தக் கண்ணில் இருக்கிற காடு என்றார் இன்னொருவர்.

ராதிகா திரும்பி அம்மாவைப் பார்த்தாள். மாராயி சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, தலை குனிந்தபடி மெல்ல நடந்து, கதவோரத்தில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை.

ராதிகா அர்த்தனாரியைத் தேடிப் போனாள். அவர் பொறுமையாகத்தான் பேசினார். அது உன் அம்மா இல்லை, உன் அம்மா வழியாக எனக்குக் கிடைத்த ஒரு வடிவம் என்றார். உங்கள் பாட்டிமார் காலத்தில் ரவிக்கை ஏது, கீழேயிருந்து நாங்கள் கொண்டுவந்து மாட்டிய துணியைத்தான் கழற்றியிருக்கிறேன் என்றார். படத்தை இறக்கிவைக்கச் சொல்லி அவள் கேட்டாள். அவர் அவளைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். சசிதரன் வந்து அவளைத் தனியே கூட்டிப்போய், இன்றைக்கு நீ வாசிக்கிற நாள், மனசைக் குழப்பிக்கொள்ளாதே, எல்லாம் பிறகு பேசலாம் என்றார்.

கூட்டம் தொடங்கியது. அவள் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றவள் கதையை வாசிக்கவில்லை.

“அந்தப் படத்துல இருக்கறது எங்கம்மாங்க” என்றாள். “அதோ, அந்த நாற்காலியில உக்காந்திருக்காங்க. அவங்க துணி இல்லாம உக்காரலைங்க. இவருக்கு நாங்க சோறு போட்டோம். அந்தப் படத்தை எறக்குங்க.”

மண்டபம் மொத்தமும் ஒரே சமயத்தில் திரும்பியது. கதவோரத்து நாற்காலியைப் பார்த்தது. பிறகு படத்தைப் பார்த்தது. மறுபடியும் நாற்காலியைப் பார்த்தது. மாராயி இரண்டு கையாலும் மார்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்து, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றாள்.

அப்புறம் நடந்ததெல்லாம் சத்தம். கலையின் சுதந்திரம் என்று ஒருவர் எழுந்தார். பெண்ணின் உடல் யாருடையது என்று இன்னொருவர். ராதிகாவின் பக்கம் பேசியவர்களும் இருந்தார்கள். அவர்களும் படத்தைப் பற்றித்தான் பேசினார்கள். யாரும் போய் மாராயிக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. ராதிகா மேடையிலிருந்து இறங்கி அம்மாவின் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள். படம் சுவரிலேயே இருந்தது.

கடைசி பஸ்ஸில் மாராயி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். மலை ஏற ஆரம்பித்த பிறகுதான் பேசினாள்.

“ஏங் கண்ணு அப்படிச் சொன்ன?”

“பின்ன, பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றியாம்மா?”

“நீ சொல்லாத வரைக்கும் அது யாரோ ஒருத்தி. ஒருத்தருக்கும் தெரியாது. நான் பாட்டுக்கு உக்காந்திருந்தேன், உம்பட கதையக் கேட்டுட்டு ஊட்டுக்கு வந்திருப்பேன்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். “நீதான் சாமி என்னைய எழுப்பி நிறுத்திக் காட்டுன.”

அம்மா சொன்னது சரியா தப்பா என்று ராதிகா பல வருஷம் யோசித்தாள். அன்றைக்கு யோசிக்கக்கூடத் திராணியில்லை.

கூட்டத்தில் ஒரு நிருபர் இருந்திருக்கிறார். ‘ஓவியத்தில் என் தாய்: மலைப்பெண் ஆவேசம்’ என்று செய்தி வந்தது. ஊர்ப் பெயர், மாராயி பெயர், ஓரத்தில் அந்த ஓவியம் எல்லாம் இருந்தது. செம்மேட்டுச் சந்தையில் மிளகு விற்கப்போன மாராயியைக் காட்டி ரெண்டு பேர் சிரித்தார்கள். அவள் தம்பி செல்லமுத்து வந்து வாசலில் நின்றபடியே, காசு வாங்கிக்கொண்டுதான் உட்கார்ந்தாளா என்று கேட்டுவிட்டுப் போனான். அதற்கப்புறம் மாராயி சந்தைக்குப் போவதை விட்டுவிட்டாள்.

நிழற்குடை தன் பத்திரிகையில் இதற்கென்றே ஓர் இதழ் போட்டது. கலைக்கும் ஒழுக்கத்துக்கும் உள்ள பகை, பழங்குடி உடலின் அரசியல் என்று கட்டுரைகள். மலையிலிருந்து வரும் புதிய தலைமுறை நகரத்தின் வெட்கத்தையும் சேர்த்துக் கற்றுக்கொண்டுவிட்டது என்று சசிதரன் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். அட்டையில் அந்தப் படம். ராதிகாவுக்கும் ஒரு பிரதி தபாலில் வந்தது. அவள் அதை அடுப்பில் போட்டாள். அவளுடைய கதை அந்த இதழிலும் இல்லை. அது எங்கேயும் வரவில்லை.

படம் சென்னைக்குப் போயிற்று, பரிசு வாங்கிற்று என்றெல்லாம் பள்ளியில் ஒரு ஆசிரியர் சொன்னார். சொல்லும்போது அவர் ராதிகாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த வருஷம் கோடையில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வெளியூர் மாணவர்கள் இரண்டு பேர். பிறகு கையில் கேமராவோடு ஒரு தம்பதி. ‘மலையின் மகள்’ வீடு இதுவா என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். வண்டிச் சத்தம் கேட்டாலே மாராயி பின்பக்கமாக இறங்கி மிளகுத் தோட்டத்துக்குள் போய்விடுவாள். வெயிலானாலும் மழையானாலும் தோளில் ஒரு துண்டைப் போர்த்திக்கொள்ளும் வழக்கம் வந்துவிட்டது. நடு மத்தியானத்தில் களை எடுக்கும்போதும் அதை எடுக்கமாட்டாள்.

வைகாசியில் ஒருநாள் ஒரு வேன் வந்து நின்றது. நிழற்குடையின் மலைப்பயணம்தான். அருவியும் கோயிலும் பார்த்துவிட்டு, மாராயியின் வீட்டையும் பார்க்க வந்திருந்தார்கள். சசிதரன் வரவில்லை, ஹேமலதா என்ற பெண்தான் தலைமை. பத்துப் பதினைந்து பேர் வாசலில் இறங்கினார்கள். மாராயிக்கு அன்று காய்ச்சல். எழுந்து தோட்டத்துக்கு ஓடத் தெம்பில்லாமல் உள்ளே பாயில் படுத்திருந்தாள். ராதிகா வாசற்படியில் வந்து நின்றாள்.

ஹேமலதா மரியாதையாகத்தான் கேட்டாள். உள்ளே வர வேண்டாம், அம்மா ஒரு நிமிஷம் வெளியே வந்து முகம் காட்டினால் போதும், அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறோம் என்றாள்.

“அம்மா இல்லீங்க” என்றாள் ராதிகா.

“எப்ப வருவாங்க?”

“செத்துட்டாங்க. மாசி மாசம்.”

யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்தது, சொல்லிவிட்டாள். ஹேமலதாவின் கண் கலங்கிவிட்டது. அவள் திரும்பி மற்றவர்களிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். தொப்பி போட்டிருந்தவர்கள் கழற்றினார்கள். அத்தனை பேரும் அந்த வாசலில் வரிசையாகத் தலைகுனிந்து ஒரு நிமிஷம் மௌனமாக நின்றார்கள். உள்ளே மாராயிக்கு இருமல் வந்தது. அவள் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அடக்கினாள். ராதிகா கதவை முதுகால் மறைத்துக்கொண்டு, அந்த நிமிஷம் முழுக்க அசையாமல் நின்றாள்.

வேன் கிளம்பிய சத்தம் வளைவு தாண்டி மறைந்தது. ராதிகா உள்ளே போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மாராயி வாயிலிருந்து துண்டை எடுத்தாள். மூச்சு வாங்கியது.

“நல்லவேளை சொன்ன கண்ணு” என்றாள். “இனி வரமாட்டாங்க.”

பிறகு சுவர்ப்பக்கம் புரண்டு படுத்துக்கொண்டாள்.